வெயில் ஊருக்கு ‘கோல்ட்’ பிளக் போடலாமா? காருக்கு சரியான ஸ்பார்க் பிளக்கைத் தேர்வு செய்வது எப்படி?

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், ஆதிச்சநல்லூர் பரம்பைத் தாண்டி தினமும் ஏராளமான கார்கள் ஓடுகின்றன. முருகன் கோயிலுக்குப் போகும் குடும்பங்கள், நவதிருப்பதி சுற்றும் வேன்கள், ஸ்ரீவைகுண்டம் சந்தைக்கும் செய்துங்கநல்லூருக்கும் போய் வரும் பழைய மாருதிகள் எனப் பலவகை. அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் இந்தப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் ஒரு பேச்சு கட்டாயம் காதில் விழும். “அண்ணாச்சி, வெயில் காலம்லா… கோல்ட் பிளக் போட்ருவோமா? இன்ஜின் சூடாகாது பாருங்க!”

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இதில் பாதிக்கு மேல் தவறு. சில நூறு ரூபாய் பிளக்கைத் தவறாக மாட்டினால், பிஸ்டனே ஓட்டையாகி பல ஆயிரம் ரூபாய் செலவில் கொண்டுபோய் விடலாம். அப்படியானால் ஹாட் பிளக் என்றால் என்ன, கோல்ட் பிளக் என்றால் என்ன? உங்கள் காருக்கு எது சரி? பார்க்கலாம்.

ஹீட் ரேஞ்ச் என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஹாட் பிளக் என்றால் சூடான தீப்பொறி தரும், கோல்ட் பிளக் என்றால் குளிர்ந்த தீப்பொறி தரும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தீப்பொறியின் பலம் இக்னிஷன் காயிலைப் பொறுத்தது. ஹீட் ரேஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

இன்ஜினுக்குள் பெட்ரோல் எரியும்போது வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்மில் ஓடினால், ஒரு சிலிண்டருக்குள் நொடிக்கு 25 முறை இந்த வெடிப்பு நடக்கிறது. பிளக்கின் நுனி ஒவ்வொரு முறையும் அந்த நெருப்புக்குள்தான் நிற்கிறது. வாங்கிய சூட்டை அது எங்காவது கடத்திவிட வேண்டும். எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதைச் சொல்லும் அளவுதான் ஹீட் ரேஞ்ச்.

மழைத் தண்ணீர் வடியும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குப் பக்கத்திலேயே வயல் இருந்தால் தண்ணீர் சட்டென்று வடிந்துவிடும். சுற்றி வளைத்து நீளமாகப் போகும் வாய்க்கால் என்றால் வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும். பிளக்கிலும் இதே கதைதான்.

- கோல்ட் பிளக்: நடுவில் உள்ள வெள்ளைப் பீங்கானின் மூக்குப் பகுதி குட்டையாக இருக்கும். சூடு சீக்கிரமே இரும்பு உடலுக்குப் போய், அங்கிருந்து மரை வழியாக இன்ஜின் ஹெட்டுக்கும் கூலன்ட்டுக்கும் போய்விடும். நுனி குளிர்ச்சியாக இருக்கும்.
- ஹாட் பிளக்: பீங்கான் மூக்கு நீளமாக இருக்கும். சூடு போகும் பாதை நீளம். அதனால் நுனியில் சூடு தங்கும்.

அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டுமே நல்ல பிளக்தான். எந்த இன்ஜினுக்கு எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நுனி எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்?

பிளக் நுனிக்கு இரண்டு எல்லைகள் உண்டு.

கீழ் எல்லை, ஏறத்தாழ 450 முதல் 500 டிகிரி. இதற்கு மேல் போனால்தான் பீங்கானில் படியும் கரி தானாக எரிந்து சுத்தமாகும். இதற்குக் கீழேயே நின்றுவிட்டால் கரி படிந்துகொண்டே போகும். கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அதனால் காயில் அனுப்பும் மின்சாரம் இடைவெளியைத் தாண்டி தீப்பொறியாகாமல், கரி வழியாகவே கசிந்துவிடும். வண்டி மிஸ்ஸிங் அடிக்கும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், மைலேஜ் குறையும்.

மேல் எல்லை, 850 டிகிரியை ஒட்டியது. இதைத் தாண்டினால்தான் உண்மையான ஆபத்து. பிளக் நுனி அடுப்புத் தணல் மாதிரி சிவந்து நிற்கும். காயில் தீப்பொறி கொடுப்பதற்கு முன்பே அந்தத் தணல் பெட்ரோல் கலவையைப் பற்ற வைத்துவிடும். இதை ‘ப்ரீ இக்னிஷன்’ என்கிறார்கள். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பு நடந்து அதைக் கீழே தள்ளப் பார்க்கும். சூடும் அழுத்தமும் எகிறும். அலுமினிய பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவது இப்படித்தான். இது நடக்க நீண்ட நேரம் தேவையில்லை என்பதுதான் பயமுறுத்தும் செய்தி.

ஆக, சரியான பிளக் என்பது இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் நிற்பது. ஒரு படி ஹீட் ரேஞ்ச் மாற்றினால் நுனியின் வெப்பம் சுமார் 70 முதல் 100 டிகிரி வரை மாறும் என்பது பிளக் தயாரிப்பாளர்கள் தரும் கணக்கு. ஒரு படி சின்ன விஷயம் இல்லை என்பது இதிலிருந்தே புரியும்.

வெயில் ஊருக்கு கோல்ட் பிளக் தேவையா?

தூத்துக்குடி, நெல்லை வட்டாரத்தில் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. ஆனால் சிலிண்டருக்குள் 2,000 டிகிரிக்கு மேல் நடக்கும் விஷயத்தில், வெளியே 30 டிகிரியா 40 டிகிரியா என்பது பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னும் சொல்லப்போனால் கணக்கு தலைகீழ். காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும். ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் அதிக ஆக்சிஜன் போகும், வெடிப்பின் அழுத்தமும் கூடும். சூடான காற்று லேசானது. அதனால் மே மாத மதியத்தில் இன்ஜின் இழுவை கொஞ்சம் மந்தமாக இருப்பதை ஓட்டுபவர்களே உணர்ந்திருப்பார்கள். இப்போதைய கார்களில் காற்றின் வெப்பத்தை அளக்க சென்சார் உண்டு. அதைப் பார்த்து இ.சி.யூ எனும் கம்ப்யூட்டரே பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் சரிசெய்துகொள்ளும்.

வெயில் காலத்தில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்றால் பார்க்க வேண்டியது கூலன்ட், ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட். பிளக் இல்லை. கோல்ட் பிளக் போட்டால் இன்ஜின் குளிராது. பிளக் நுனி மட்டும்தான் குளிரும். ஊருக்குள்ளேயே ஓட்டும் வண்டி என்றால் அதில் கரி பிடிப்பதுதான் மிச்சம்.

அப்படியானால் எதைப் பொறுத்து மாறும்?

வெயிலைவிட, வண்டி எப்படி ஓடுகிறது என்பதுதான் முக்கியம்.

*குறுகிய தூர ஓட்டம்:* கருங்குளத்திலிருந்து ஸ்ரீவைகுண்டத்துக்கு மளிகை வாங்கப் போய், அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து திரும்பும் கார். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் பயணமே முடிந்துவிடும். பிளக் நுனி சுத்தமாகும் சூட்டைத் தொடவே வாய்ப்பில்லை. இப்படிப்பட்ட வண்டிகளில்தான் கரி அதிகம் படியும். கந்த சஷ்டி, வைகாசி விசாகம் நேரத்தில் திருச்செந்தூர் சாலையில் மணிக்கணக்கில் ஊர்ந்து போவதும் இதே வகைதான்.

*நான்குவழிச் சாலை ஓட்டம்:* நெல்லையிலிருந்து வாகைக்குளம் வழியாக தூத்துக்குடிக்கு, ஆறு பேரும் லக்கேஜும் ஏ.சி.யுமாக ஒரே வேகத்தில் போகும் கார். இங்கே பிளக் தொடர்ந்து சூட்டில் இருக்கும். ஏற்கெனவே தேவைக்கு மேல் ஹாட்டான பிளக் மாட்டியிருந்தால் பிரச்னை இந்தச் சாலையில்தான் தலைகாட்டும்.

கார் கம்பெனி இந்த இரண்டு வகை ஓட்டத்தையும் சோதித்துப் பார்த்துத்தான் ஒரு நம்பரைச் சொல்கிறது. எனவே மாற்றம் ஏதும் செய்யாத காருக்குப் பதில் ஒன்றே: மேனுவலில் உள்ள நம்பர். கீழே உள்ள மாதிரி ஏதாவது மாற்றம் செய்திருந்தால் மட்டுமே ஹீட் ரேஞ்ச் பற்றி யோசிக்க வேண்டும்.

- சி.என்.ஜி, எல்.பி.ஜி கிட்: கேஸில் ஓடும்போது தீப்பொறி தாண்ட அதிக வோல்டேஜ் தேவை. பெட்ரோல் துளிகள் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியும் கிடைக்காது. அதனால் பொதுவாக ஒரு படி கோல்ட் பிளக்கும், குறைந்த இடைவெளியும் பரிந்துரைக்கப்படும். கம்பெனியிலேயே சி.என்.ஜி பொருத்தி வந்த கார் என்றால் இந்த வேலையே வேண்டாம். அந்த மாடலுக்கான மேனுவலைப் பின்பற்றினால் போதும்.
- டர்போ காரில் ரீமேப்: டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு கம்பெனியே அதற்கேற்ற பிளக் கொடுத்திருக்கும். அதற்கு மேல் ‘ஸ்டேஜ் 1’ என்று பவரைக் கூட்டினால் கணக்கு மாறும். சுமார் 75 முதல் 100 குதிரைத்திறன் கூடினால் ஒரு படி கோல்ட் என்பது பொதுவான வழிகாட்டல்.
- கம்ப்ரஷன் கூடியது: ஹெட்டை மழித்து எடுத்த பழைய இன்ஜின், வேறு பிஸ்டன் போட்ட இன்ஜின். அழுத்தம் கூடினால் சூடும் கூடும்.

நம்பர் விளையாட்டு: 6 என்றால் எல்லா கம்பெனிக்கும் ஒன்றா?

இல்லை. பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இதுதான். பிளக்கில் எழுத்தும் எண்ணுமாக ஒரு கோடு இருக்கும். அதில் ஒரு எண் ஹீட் ரேஞ்சைச் சொல்லும். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி திசை மாறும்.

- என்.ஜி.கே, டென்சோ: எண் ஏற ஏற கோல்ட்.
- பாஷ், சாம்பியன்: எண் ஏற ஏற ஹாட்.

உதாரணமாக, என்.ஜி.கே 6 என்பது ஏறத்தாழ டென்சோ 20, பாஷ் 7, சாம்பியன் 9 ஆகியவற்றுக்குச் சமம். என்.ஜி.கே 5 என்றால் டென்சோ 16, பாஷ் 8, சாம்பியன் 11. என்.ஜி.கே 7 என்றால் டென்சோ 22, பாஷில் 6 அல்லது 5. “6 போட்டிருந்தேன், 8 போட்டா கோல்ட் ஆகும்ல” என்று என்.ஜி.கே கணக்கை வைத்துக்கொண்டு பாஷ் 8 வாங்கி மாட்டினால், கோல்டுக்குப் பதில் ஹாட் பிளக் உள்ளே போய்விடும்.

நம்ம ஊரில் இதற்கு இன்னொரு கிளைக்கதையும் உண்டு. பாஷ் குழுமத்தின் இந்திய நிறுவனமான மைக்கோ 1951-ல் பெங்களூருவில் தொடங்கியது. ‘மைக்கோ பிளக்’ என்ற பெயர் ஒரு தலைமுறை மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். 2008-ல்தான் அந்த நிறுவனத்தின் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறியது. பழைய மைக்கோ பிளக்குகளில் 145, 175, 225 என மூன்று இலக்க எண்கள் இருக்கும். அதில் எண் ஏற ஏற கோல்ட்! பிறகு வந்த ஓரிலக்க முறையில் இது தலைகீழானது. பழைய 145 என்பது புதிய 8. 175 என்பது 7. 225 என்பது 5. அம்பாசடர், பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் பழைய டப்பாவைப் பார்த்துப் புதிய பிளக் வாங்கும்போது கவனம் தேவை.

கோடில் மற்ற எழுத்துகள் எதற்கு?

ஹீட் ரேஞ்ச் சரியாக இருந்தால் மட்டும் போதாது. உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்பட்ட ஒரு என்.ஜி.கே பிளக்கின் கோடை எடுத்துக்கொள்வோம்: பி பி ஆர் 6 இ எஸ்.

- முதல் பி: மரையின் விட்டம் 14 மி.மீ. இதற்கு 20.8 மி.மீ ஸ்பேனர் சாக்கெட்.
- இரண்டாவது பி: பீங்கான் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை.
- ஆர்: உள்ளே ரெசிஸ்டர் உண்டு.
- 6: ஹீட் ரேஞ்ச்.
- இ: மரையின் நீளம் 19 மி.மீ.
- எஸ்: சாதாரண வகை, தாமிர உள்தண்டு கொண்ட மின்முனை.

இதில் மரை நீளம் தவறினால் நேரடி ஆபத்து. நீளம் கூடிய பிளக்கை மாட்டினால் பிஸ்டன் மேலே வந்து மோதும். நீளம் குறைந்தால் ஹெட்டில் மிச்சமிருக்கும் மரையில் கரி இறுகி, அடுத்த முறை சரியான பிளக் ஏறாது. ரெசிஸ்டர் இல்லாத பிளக்கைப் புதிய கார்களில் போட்டால் மின் இரைச்சல் இ.சி.யூவையும் சென்சார்களையும் குழப்பலாம். அதனால் “சைஸ் ஒண்ணுதான், போட்டுக்கலாம்” என்ற பேச்சுக்கு இடமில்லை.

கழற்றிய பிளக் என்ன சொல்கிறது?

பிளக்கின் நிறம் இன்ஜினின் ஆரோக்கிய ரிப்போர்ட் மாதிரி. ஆனால் எப்போது கழற்றுகிறோம் என்பது முக்கியம். வீட்டு வாசலில் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டுக் கழற்றினால் எந்த பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். நான்குவழிச் சாலையில் 20, 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அணைத்து, நன்றாக ஆறியபின் கழற்றிப் பாருங்கள்.

- வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம்: சரியான பிளக், சரியான இன்ஜின். கை வைக்காதீர்கள்.
- காய்ந்த கருங்கரி, கையில் ஒட்டும் பொடி: பெட்ரோல் கலவை கூடியிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், குறுகிய ஓட்டமாக இருக்கலாம். இவை எல்லாம் சரி என்றால் மட்டுமே பிளக் தேவைக்கு மேல் கோல்ட்.
- ஈரமான எண்ணெய்ப் பிசுக்கு: இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது. ரிங் அல்லது வால்வு சீல் தேய்மானம். எந்த பிளக் நம்பரும் இதைக் குணப்படுத்தாது.
- வெள்ளை வெளேர், கொப்புளம், உருகிய முனை: அதீத சூடு. வண்டியை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள்.

நான்கு சிலிண்டர் என்றால் நான்கு பிளக்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் பிரச்னை பொதுவானது. ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால், அந்தச் சிலிண்டரில் ஏதோ கோளாறு. இன்ஜெக்டர், காயில், வால்வு என அங்கேதான் தேட வேண்டும். ஹீட் ரேஞ்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சூடு கூடியதற்கு ஒரு எளிய காரணத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: பிளக் சரியாக முறுக்கப்படாதது. சூடு மரையும் வாஷரும் வழியாகத்தான் ஹெட்டுக்குப் போக வேண்டும். பிளக் லூஸாக இருந்தால் அந்த வழி அடைபட்டு, சரியான நம்பர் பிளக்கே ஹாட் பிளக் மாதிரி நடந்துகொள்ளும்.

உப்புக் காற்று ஊரில் கூடுதல் கவனம்

தூத்துக்குடி கடற்கரை உப்பளங்களின் ஊர். ஹீட் ரேஞ்சை மாற்றும் வேலையை வெயில் செய்யாவிட்டாலும், உப்புக் காற்று வேறு வேலைகளைச் செய்யும். பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் உப்பும் ஈரமும் தேங்கினால் இரும்பு உடல் துருப்பிடிக்கும். அலுமினிய ஹெட்டில் இறுகிப்போகும். ரப்பர் மூடி வெடித்திருந்தால், வெளிப்புறப் பீங்கானில் படியும் ஈர உப்பு வழியாக மின்சாரம் தாவிவிடும். மழைக் காலக் காலையில் வண்டி மிஸ்ஸிங் அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு என்ன செய்யலாம்?

- கழற்றுவதற்கு முன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் மண்ணும் துருவும் சிலிண்டருக்குள் விழும்.
- இன்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள். சூட்டில் அலுமினிய மரை பிய்ந்துவர வாய்ப்பு அதிகம்.
- புதிய பிளக்கை முதலில் கையாலேயே கடைசி வரை சுற்றுங்கள். வாஷர் உள்ள 14 மி.மீ பிளக் என்றால், அதன்பின் ஸ்பேனரால் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குள் போதும். டார்க் ரென்ச் இருந்தால் அலுமினிய ஹெட்டுக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர்.
- முலாம் பூசிய மரை கொண்ட பிளக்கில் கிரீஸ், ஆன்ட்டி சீஸ் தடவ வேண்டாம். வழுக்கலில் அளவு தெரியாமல் கூடுதலாக முறுக்கிவிடுவோம். பிளக் நீண்டு உடையும்.

வெள்ளத்தில் நின்ற கார் என்றால்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த வட்டாரம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. அப்படி வெள்ளத்தில் நின்ற காரைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது; கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பேட்டரியைத் துண்டித்து, மெக்கானிக்கை வைத்து எல்லா பிளக்கையும் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகே மற்ற வேலை.

பழைய கார் வாங்குபவர்களுக்கும் இது உதவும். பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வயதுக்கு மீறிய துருவும் சேற்றுத் தடமும் இருந்தால், அந்தக் கார் எங்கே நின்றது என்று விற்பவரிடம் கேளுங்கள்.

தாழியும் பிளக்கும்

ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரியா முதல் இந்தியத் தொல்லியல் துறையின் அண்மைக் கால ஆய்வுகள் வரை வெளியே வந்தவை பெரும்பாலும் சுட்ட மண்ணும் இரும்பும்தான். ஸ்பார்க் பிளக்கும் அடிப்படையில் இந்த இரண்டின் கூட்டுதான். இரும்பு உடலுக்குள் இருக்கும் வெள்ளைப் பகுதி, அலுமினியம் ஆக்சைடு பொடியை அழுத்தி 1,500 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்ட பீங்கான். என்.ஜி.கே ஸ்பார்க் பிளக் நிறுவனம் 1936-ல் ஜப்பானின் நகோயாவில் தொடங்கியபோது அதன் தாய் வீடு கார் தொழிற்சாலை அல்ல. உயர் மின்னழுத்தக் கம்பங்களுக்குப் பீங்கான் செய்த நிறுவனம். அந்த நிறுவனமோ சாப்பாட்டுத் தட்டு செய்த நோரிடாகே பீங்கான் குடும்பத்திலிருந்து வந்தது. சூட்டைத் தாங்கி, மின்சாரத்தைத் தடுத்து, வேண்டிய வேகத்தில் வெப்பத்தைக் கடத்தும் அந்தச் சின்னப் பீங்கான் மூக்கின் நீளத்தில்தான் ஹீட் ரேஞ்ச் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இ20 பெட்ரோலுக்கு பிளக் மாற்ற வேண்டுமா?
20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஹீட் ரேஞ்சை மாற்ற வேண்டியதில்லை. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். ஆவியாகும்போது குளிர்ச்சியும் தரும். அதே நேரம், பழைய காரில் வேறு காரணத்தால் பிளக் ஏற்கெனவே அதீத சூட்டில் இருந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. எத்தனால் சூடான பரப்பில் எளிதில் பற்றக்கூடியது.

இரிடியம் பிளக் போட்டால் ஹீட் ரேஞ்ச் மாறுமா?
இல்லை. இரிடியம், பிளாட்டினம் என்பது முனையின் உலோகம். அது ஆயுளைக் கூட்டும். சாதாரண பிளக் 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் என்றால், இரிடியம் 80,000-ஐத் தாண்டியும் வரும். ஹீட் ரேஞ்ச் எண் பழையபடியே இருக்க வேண்டும்.

டீசல் காருக்கும் இது பொருந்துமா?
பொருந்தாது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதில் இருப்பது, குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் க்ளோ பிளக்.

படகு மோட்டாருக்கு?
விசைப்படகுகளின் டீசல் இன்ஜினுக்குத் தேவையில்லை. பெட்ரோல், மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு மோட்டாருக்குப் பொருந்தும். வலை இழுக்கும்போது மெதுவாகவே ஓடும் டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் ஆயிலும் சேர்ந்து எரிவதால் கரி சீக்கிரம் படியும். அதற்கும் மோட்டார் கம்பெனி சொன்ன நம்பரே முதல் கணக்கு.

சந்தேகம் வந்தால் ஹாட்டா, கோல்டா?
கோல்ட் பக்கம் தவறினால் கரி படியும், பிளக்கை மாற்றிவிடலாம். ஹாட் பக்கம் தவறினால் பிஸ்டன் போகும். அதனால் மேனுவல் நம்பரைவிட ஹாட்டாகப் போவதை, காரணம் உறுதியாகத் தெரியாமல் செய்யவே கூடாது.

கடைக்குப் போகும் முன் இதை மட்டும் செய்யுங்கள்

1. மேனுவலில் உள்ள பிளக் கோடையும் இடைவெளி அளவையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது மாட்டியிருக்கும் பிளக்கை மட்டும் நம்பாதீர்கள். முந்தைய ஓனர் தப்பாக மாட்டியிருக்கலாம்.
2. வேறு கம்பெனி பிளக் தருகிறார்கள் என்றால், அந்தக் கம்பெனியின் ஒப்பீட்டு அட்டவணையைக் கேட்டுப் பாருங்கள். எண் ஒன்றாக இருக்கிறதே என்று வாங்காதீர்கள்.
3. பில்லோடு வாங்குங்கள். பிரபல பிராண்டுகளில் போலி பிளக்குகள் உண்டு. அச்சு மங்கல், கோணலான முனை, சொரசொரப்பான மரை இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.
4. எல்லா பிளக்கையும் ஒன்றாக மாற்றுங்கள். கழற்றியதைச் சிலிண்டர் வரிசைப்படி வைத்து ஒரு போட்டோ எடுங்கள். அடுத்த சர்வீஸில் ஒப்பிட உதவும்.
5. புதிய பிளக் போட்ட பிறகும் மிஸ்ஸிங் அடித்தால் ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அது பிளக்கைவிடப் பல மடங்கு செலவு.